கரண்டிக்குப் பதில் சொன்னவள்

கோமுகி அணையைத் தாண்டி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில், தலையிலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கி வைத்தேன். கழுத்து விண்ணென்று தெறித்தது. கச்சிராயபாளையத்தில் விசாரித்தபோது வெள்ளிமலை போகும் அடுத்த பஸ் சாயங்காலம்தான் என்றார்கள். காத்திருக்கலாம்தான். ஆனால் பஸ் நிலையத்தில் உட்கார்ந்தால், கள்ளக்குறிச்சிக்கே திரும்பிப் போய் அந்த ஆளை அடித்துவிடுவேன் என்று தோன்றியது. அதனால் நடந்தேன்.

நிறைய வேலைகளை விட்டுவிட்டு நடந்திருக்கிறேன். லாரி, செங்கல் சூளை, ஓட்டல், கோழிப்பண்ணை. எல்லா இடத்திலிருந்தும் ஒரு பையோடு வெளியேறுவேன். பையில் ரெண்டு சட்டை, ஒரு லுங்கி, போன் சார்ஜர். இந்த முறைதான் எனக்குப் பயன்படாத ஒரு பொருளைச் சுமந்துகொண்டு போனேன். பெட்டிக்குள் அறுபது சின்னப் புத்தகங்கள். எட்டுப் பக்கம், பத்துப் பக்கம், மிஞ்சினால் இருபது பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், அதன் கீழே ஓரிரண்டு வரி. எல்லாம் ஜப்பான் மொழி. எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

பெட்டி போய்ச் சேர வேண்டியது மலைமேல் இருந்த ஒரு பெண்ணிடம். அவள் பெயரை ஜப்பான் வேலைக்கான பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அடித்தது நான் சமையல் செய்த பயிற்சி நிலையத்துக்காரர். அடிக்கக் காரணம் என் கை.

நான் படித்தது ஒன்பதாவது வரைக்கும். சொந்த ஊர் நைனார்பாளையத்துக்குப் பக்கம். வீட்டில் நிலம் கிடையாது, அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போனவர்கள். பதினைந்து வயதில் உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரிக்கு கிளீனராக ஏறினேன். அதற்குப் பிறகு ஊரில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. தெலுங்கும் கன்னடமும் இந்தியும் வாயில் ஒட்டிக்கொண்டன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திட்டு வாங்கி, சோறு கேட்டு, சீட்டாடி, சிரித்து வந்தவை. 'ஆறு மாசம் ஒரு ஊர்ல விடு, அந்த ஊர்க்காரனாவே பேசறேன்' என்று பீற்றிக்கொள்வேன்.

அந்தப் பீற்றல் ஆந்திரப் பக்கம் ஒரு தானியக் குடோனில் அடங்கியது. அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். உடன் வேலை செய்தவர்களோடு தெலுங்கில் சண்டை போடுவேன், கேலி பேசுவேன். ஒரு நாள் மதியம் தூங்க இடம் தேடி, சாத்தியிருந்த குடோன் கதவைத் திறந்து உள்ளே போய்ப் படுத்தேன். கதவில் ஒரு பலகை தொங்கியது. பூச்சிக்கு மருந்துப் புகை போட்டிருக்கிறோம், மூன்று நாள் திறக்காதீர்கள் என்று தெலுங்கில் எழுதியிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தேன். அத்தனை தெலுங்கு பேசினேன், கதவில் இருந்த ஒரு வரி எனக்குத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் போகும் சாலையில், ஆள் வராமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அந்த நிலையத்தை நடத்தினார்கள். மேல்மாடியில் ஆண்கள், கீழே பெண்கள், ஒன்பது பேர் தங்கிப் படித்தார்கள். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழி தெரிந்தால் வேலை. அங்கே நான் சமையலுக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பாத்திரங்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. ஒன்பது பேருக்கான சாம்பாரை நானூறு பேருக்கான அண்டாவின் அடியில் வைத்துக் கிளறினேன்.

அந்த ஒன்பது பேரில் கல்வராயன் மலையிலிருந்து வந்தவள், பெட்டி போய்ச் சேர வேண்டிய இவள் ஒருத்திதான். இருபத்திரண்டு வயது. நர்சுக்கு உதவியாள் படிப்பு முடித்தவள். வந்த முதல் வாரமே, வயசானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுவது கஷ்டமான வேலை என்று ஒருத்தி பயந்தபோது இவள் சொன்னாள்: "இன்னா கஷ்டம்? ரோடு வரதுக்கு முந்தி எங்க ஊர்ல ஒடம்பு முடியாதவங்கள டோலி கட்டித் தூக்கினு கீழ எறங்குவாங்க. எங்க அப்பா தோள்ல இன்னும் காய்ப்பு கீது. எனக்குத் தூக்கறது ஒண்ணும் புதுசு இல்ல. பேசறதுதான் வரணும்."

பேச்சு சொல்லிக் கொடுக்க வந்தவள் கடலூர்ப் பக்கத்துப் பெண். அவர்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். மூன்று வருடம் அந்த நாட்டில் ஒரு தொழிற்சாலையில் இருந்துவிட்டு வந்தவள். பிள்ளைகள் அவளை சென்செய் என்றார்கள், நான் டீச்சர் என்றேன். அவள் பாடம் நடத்தியது எனக்கு முதலில் புரியவில்லை. காலையில் பலகையில் ஆறே ஆறு வரி எழுதுவாள். இரண்டு மணி நேரம் அந்த ஆறு வரிதான். ஒவ்வொரு சொல்லையும் கழற்றி மாட்டுவாள். இது ஏன் இங்கே வந்தது, இதை எடுத்தால் என்ன ஆகும், இதற்குப் பதில் எது வரும். வாய் வலிக்க வலிக்கச் சொல்ல வைப்பாள். எழுத்தில் ஒரு கோடு நீண்டால்கூட அழித்து எழுத வைப்பாள். பிள்ளைகள் சமையலறைக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிப்பார்கள்.

சாயங்காலம் வேறு ஆளாகிவிடுவாள். மண்டபத்துப் பந்திப் பாயை விரித்து, நடுவில் இந்தப் பெட்டியைக் கவிழ்ப்பாள். யாரும் எதையும் எடுக்கலாம். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போ, போனில் தேடாதே. சலிப்பாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடு. கஷ்டமானதை எடுக்காதே, சுலபமானதை எடு. படித்து முடித்ததும் கேள்வி கிடையாது, பரீட்சை கிடையாது. பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு படம் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருத்தன் ஒரே நாளில் பன்னிரண்டு புத்தகம் முடித்தேன் என்று கத்துவான். முந்தின நாள் யார் யார் எதை அதிகம் எடுத்தார்கள் என்று அவள் கவனித்துவைத்துக்கொண்டு, மறுநாள் காலை ஆறு வரியை அதிலிருந்தே எடுப்பாள்.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். "இன்னா டீச்சர், காத்தால அந்த முறுக்கு முறுக்கறீங்க, சாயங்காலம் அவுத்து வுட்டுர்றீங்க?"

"காத்தால தோண்டணும்ண்ணா, சாயங்காலம் மேயணும். தோண்டிகினே இருந்தா அந்த ஒரு குழிதான் தெரியும், பக்கத்துல போனா வழி தெரியாது. மேஞ்சிகினே இருந்தா எங்க வேணா போவலாம், ஆனா எதத் தின்னோம்னு தெரியாது. ரெண்டும் வேணும்."

குடோன் கதையை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்க மேஞ்சே வளந்துட்டீங்க. அந்தப் பலகைய ஒருத்தர் ஒரு நாள் உங்களுக்குத் தோண்டிக் காமிச்சிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டீங்க" என்றாள்.

எனக்கு யாரும் அப்படி விளங்கச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் இங்கிலீஷ் தோண்டினார்கள். மேய விட்டதே இல்லை. லாரியில் ஏறிய பிறகு மேய்ந்துகொண்டே இருந்தேன். தோண்ட ஆள் இல்லை. முப்பத்தெட்டு வயதில் ஒரு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கும் கோபம்தான் வந்தது.

நிலையத்துக்காரர் அதற்கு முன் செல்போன் கடை வைத்திருந்தவர். ஜப்பான் மொழியில் வணக்கம் மட்டும் சொல்வார், அதையும் காலையில் சொல்ல வேண்டியதை மாலையில் சொல்வார். ஒரு சாயங்காலம் சேர்க்கை விசாரிக்க வந்த ஒரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளைகள் பாயில் படுத்துப் பொம்மைப் புத்தகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் செத்துவிட்டது.

"இன்னா மேடம் இது, பால்வாடியா?"

"படிக்கறாங்க சார்."

"நோட்டு எங்க? பேனா எங்க? படுத்துகினு படிச்சா மூளைல ஏறுமா?"

"காத்தால எட்டு மணில இருந்து நோட்டுதான் சார். இது கண்ணும் காதும் பழகறதுக்கு."

"பழகறதெல்லாம் ஏர்போர்ட் எறங்கினப்புறம் பழகிக்கட்டும். இண்டர்வியூவுல இருபது கேள்வி கேப்பான். அந்த இருபதும் எங்கிட்ட கீது. அத நெட்டுரு போட வையுங்க, போதும்."

வேறொரு ஊரில் போன முறை நடந்த நேர்காணலின் கேள்விகளை எப்படியோ வாங்கியிருந்தார். வரிசையாக, ஜப்பான் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதி. டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, "கேள்வி மாறும் சார். வரிசையும் மாறும்" என்றாள். "மாறாது மேடம்" என்றார். அத்தனை உறுதியாகச் சொன்னார். ஒரு வாரம் இப்படியே இழுபறியாக ஓடியது. எட்டாம் நாள் டீச்சர் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெட்டியை எடுத்துப் போக அவளுக்கு ஆட்டோ கிடைக்கவில்லை, பிறகு ஆள் அனுப்புகிறேன் என்றாள். நிலையத்துக்காரர் அதைப் பழைய பேப்பர் கடையில் போடச் சொன்னார். நான் போட்டுவிட்டேன் என்று சொல்லி, காஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் அரிசிச் சாக்கைப் போட்டு மூடிவைத்தேன்.

அதைத் தேடி வந்தவள் இவள் மட்டும்தான். சாயங்காலம் நான் காய் நறுக்கும்போது, கவிழ்த்துவைத்த தவலைமேல் உட்கார்ந்து படிப்பாள். முடித்ததும் எனக்குத் தமிழில் கதை சொல்வாள். பஸ் நிறுத்தத்தில் பனியை மண்வெட்டியால் வாரிக்கொண்டே இருக்கும் ஒரு அம்மாவின் கதையை நாலு தரம் படித்தாள். "இந்தம்மா வாரி முடிக்கறதுக்குள்ள திருப்பி கொட்டுதுண்ணா. எங்கம்மா சாணி வார்ற மாதிரியே கீது." ஆனால் அவளுக்கு அதைத் தோண்டிக் கொடுக்க ஆளில்லை. சந்தேகத்துக்கு என் முகத்தைப் பார்ப்பாள். நான் வெண்டைக்காயைப் பார்ப்பேன்.

இனி நான் செய்த கேட்டைச் சொல்ல வேண்டும்.

டீச்சர் போன பிறகு கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்று நிலையத்துக்காரர் என்னைக் கூப்பிட்டார். "உனக்குத் தொண்டை பெருசு. காத்தால நாஷ்டா போடும்போது இந்த இருபதையும் கேளு. பதில் சொன்னாதான் இட்லி." எனக்கு அர்த்தம் தெரியாது. தமிழில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு. ஒன்பதாவது படித்தவன், பட்டம் வாங்கினவர்களைத் தட்டோடு வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்கிறேன்.

சும்மா கேட்டால் தூக்கக் கலக்கத்தில் உளறுகிறார்கள் என்று, அவர்களிடமே அர்த்தம் கேட்டுக்கொண்டு கேள்விக்கு ஒரு கரண்டி ஜாடை வைத்தேன். முதல் கேள்வி பெயர் என்ன, கரண்டியை நேராக மேலே தூக்குவேன். இரண்டாவது எங்கிருந்து வருகிறாய், கரண்டி ஜன்னலைக் காட்டும். மூன்றாவது வீட்டில் எத்தனை பேர், அண்டா விளிம்பில் தட்டுவேன். இருபதுக்கும் இருபது ஜாடை. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. பத்து நாளில் நான் வாயே திறக்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. கரண்டியை ஆட்டினால் ஜப்பான் மொழி கொட்டியது. நிலையத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மேடம் மூணு மாசத்துல பண்ணாதத நீ பத்து நாள்ல பண்ணிட்டய்யா" என்று என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் தோளைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

நேர்காணல் பெரிய திரையில் நடந்தது. அந்தப் பக்கம் இல்லத்தை நடத்தும் ஒரு வயதான அம்மா, பக்கத்தில் இரண்டு பேர். தை மாசம். டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் கதவருகே தட்டோடு நின்றேன். அந்த அம்மா முதலில் பெயர் கேட்கவில்லை. சிரித்தபடி ஏதோ சொன்னார். முதலில் உட்கார்ந்தவன் தன் பெயரைச் சொன்னான். அவர் மறுபடி ஏதோ கேட்டார். அவன் தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்றான். மூன்றாவது கேள்விக்கு வீட்டில் ஐந்து பேர் என்றான். பக்கத்தில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தடுத்து வந்தவர்களும் அதே. எங்கள் சமையலறை வரிசை ஒன்று, இரண்டு, மூன்று என்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மொழி தெரியாவிட்டாலும் முகம் தெரியும். முகங்கள் நன்றாக இல்லை.

ஆறாவதாக இவள். அந்த அம்மா அவளிடமும் அதையே சொன்னார். அதில் 'யுகி' என்ற ஒரு சொல் எனக்கே காதில் விழுந்தது. யுகி என்றால் பனி. மண்வெட்டி அம்மாவின் கதையில் பக்கத்துக்குப் பக்கம் வரும். இங்கே பனி கொட்டுகிறது, உங்கள் ஊரில் குளிரா என்றுதான் அந்த அம்மா கேட்டாராம். இவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தாள். திறந்தவளுக்கு நாக்கில் பெயர்தான் வந்து நின்றது, அதை விழுங்கினாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கட்டத் தெரியாமல் திணறினாள். திணறியதும் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினாள்.

நான் உதவி செய்கிறேன் என்று நினைத்துக் கையை நேராக மேலே தூக்கினேன்.

அவள் பெயரைச் சொன்னாள்.

ஒன்பது பேரில் ஒருவரும் தேறவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு வாய்ப்பு தருகிறோம், பெயர்ப் பட்டியலை அனுப்புங்கள் என்று அந்த அம்மா பெரிய மனசோடு சொல்லியனுப்பினார். கூடவே ஒரு வரி. ஒரு பெண்ணுக்கு அறையிலிருந்து யாரோ ஜாடை காட்டினார்கள், அது சரியில்லை. அன்றைக்கே இவள் துணிமணியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். போனை அணைத்துவிட்டாள்.

மறுநாள் காலை நிலையத்துக்காரரின் மேசையில் பட்டியலைப் பார்த்தேன். எட்டுப் பெயர்கள் இருந்தன.

"சார், கை காட்டினது நானு. அவ ஒண்ணும் பண்ணல. அத எழுதி அனுப்புங்க."

"தெரியும்யா. நான் பாத்துகினுதானே இருந்தேன்."

"அப்ப ஏன் அவ பேர அடிச்சீங்க?"

"யாரயாவது அடிச்சாதானே அவங்களுக்கு நம்பிக்க வரும்? உன்னத் தூக்கிட்டா நாளைக்கு எவன் சமைப்பான்? அவளத் தூக்கினா எவன் கேக்கப் போறான்? மலைல இருந்து கூட்டமா எறங்கி வந்து நிப்பாங்களா? மலைக்காரப் பொண்ணு இவ்ளோ தூரம் வந்ததே ஜாஸ்தி. போய் சாம்பாரப் பாரு."

சத்தம் போடாமல், சாதாரணமாகத்தான் சொன்னார். கெட்ட எண்ணம்கூட இல்லை. பழுதான செல்போனில் எந்தப் பாகத்தைக் கழற்றினால் சுலபம் என்று பார்ப்பவர் பார்த்தார், அவ்வளவுதான். நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. மேலே இருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பெயர் பட்டியலில் இருந்தது. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன், அந்த எட்டுப் பேரும் சாப்பிட வேண்டும். கரண்டியை மட்டும் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கருவேலம் புதரில் வீசினேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கச்சிராயபாளையத்தில் பஸ் இறங்கியதும் டீச்சருக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டாள். முதலில் திட்டினாள்.

"கரண்டியாண்ணா? கரண்டியா? மாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லித் தர மாட்டாங்க."

"திட்டு டீச்சர். திட்டிட்டு வழி சொல்லு."

திட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்: "பட்டியல் எப்ப போவுது?"

"நாளான்னிக்கு."

"எல்லாருக்கும் குடுத்த தாள்ல அந்த இல்லத்தோட மெயில் முகவரி கீது. அவ நேரா எழுதலாம். ஒரு பக்கம். அவங்க வூடு, பனி, டோலி, என்ன நடந்துது, எல்லாம். அவளே எழுதணும். புத்தகத்துல படிச்சது எல்லாம் உள்ள கீது, வெளிய வரும். எழுதினத போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் வரி வரியா தோண்டறேன். திருப்பி எழுதட்டும். மூணு தரம். நாளைக்கு ஒரு முழு நாள் வேணும் அவளுக்கு. நீங்க ஒண்ணும் சொல்லித் தராதீங்க. கையக் கட்டிகினு இருங்க."

பாதி மலை ஏறியபோது காலியாகப் போன ஒரு மினி லாரி நின்றது. கிழங்கு ஏற்ற மேலே போகிறது. டிரைவர் பெட்டியைப் பார்த்து, "இன்னா பட்டாசா?" என்றார். புத்தகம் என்றேன். ஒன்றை எடுத்துப் புரட்டினார். "இத யாருய்யா மலைல படிக்கறது?" என்றார். "படிக்கற ஆளு இருக்குது" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏறு என்று கதவைத் திறந்துவிட்டார்.

வெள்ளிமலைக்கு முன்னால் பிரியும் மண்பாதையில் அவள் ஊர். வெயில் சாயும்போது போய்ச் சேர்ந்தேன். வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்தீங்க? கரண்டி எடுத்தாந்தீங்களா?"

"தூக்கிப் போட்டுட்டேம்மா."

"அத எப்பவோ பண்ணியிருக்கணும்."

உள்ளேயிருந்து அவள் அப்பா காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். "யாரும்மா?"

"எனக்குச் சோறு போட்டவரு. சோத்துல மண்ணப் போட்டவரும் இவருதான்."

அவர் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், நிலையத்துக்காரர் சொன்னது, டீச்சர் சொன்னது. மலைக்காரப் பொண்ணு என்ற பேச்சை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அவள் விடவில்லை. "இன்னா சொன்னான்? முழுசா சொல்லு" என்றாள். மரியாதை போயிருந்தது. சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"எழுதறேன். ஆனா நாளைக்கு முடியாது. நாளைக்கு மாத்தாளு."

மாத்தாள் என்றால் அந்த ஊரில் ஆளுக்கு ஆள். நீ என் காட்டில் ஒரு நாள் வேலை செய்தால், நான் உன் காட்டில் ஒரு நாள். இவள் கள்ளக்குறிச்சியில் இருந்த மாதங்களில், இவள் வீட்டுக் கிழங்கைப் பக்கத்து வீட்டார் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் காட்டில் பிடுங்குகிறார்கள், லாரி வந்துவிட்டது. இந்த வீட்டிலிருந்து இரண்டு ஆள் போக வேண்டும். அப்பாவுக்குக் கால் முடியாது. அம்மாவும் இவளும்.

"நான் போறேன்" என்றேன்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கரண்டி புடிச்ச கை. கெழங்கு புடுங்குவியா?"

"எல்லா வேலயும் பாத்த கைதான்."

"அந்தக் கையாலதான் எல்லாம் கெட்டுது" என்றாள் அவள். பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள். மேலேயே மண்வெட்டி அம்மா இருந்தாள். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த இருபது கேள்விச் சீட்டு வச்சிருக்கீங்களா?"

சட்டைப்பையில் இருந்தது.

"கைய ரெண்டும் பின்னால கட்டுங்க. அப்பா, சீட்ட நீ புடிச்சுக்கோ. அண்ணன் கலைச்சிக் கலைச்சிக் கேக்கட்டும். எந்த வரிசையும் வேணாம்."

அவர் சீட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் பதினேழாவதைப் படித்தேன், பிறகு நான்காவதை, பிறகு பதினொன்றை. மூன்று இடங்களில் தடுமாறினாள். தடுமாறும்போதெல்லாம் அவள் கண் என் தோளுக்குப் போய், அங்கே கை இல்லாமல் திரும்பியது. என் விரல்கள் முதுகுக்குப் பின்னால் தாமாகவே அசைந்தன. ஒன்றை ஒன்று நெரித்துப் பிடித்துக்கொண்டேன். நான்காவது சுற்றில் அவள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் அம்மாவோடு பக்கத்துக் காட்டுக்குப் போனேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். காட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "இவன் யாரு? பொண்ணு எங்க?" என்றார்.

"அவளுக்கு மாத்தாளு நானு" என்றேன்.

"அவ இன்னா பண்றா?"

"எழுதறா" என்றாள் அவள் அம்மா. அவர் எனக்கு ஒரு வரிசையைக் காட்டினார்.

மேட்டில் அவள் வீடு தெரிந்தது. வாசலில், போன் சிக்னல் கிடைக்கும் பாறைமேல், பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முதல் செடியைப் பிடித்தேன். நிலையத்துக்காரரின் கழுத்து என்று நினைத்து இழுத்தேன். குச்சி மட்டும் கையோடு வந்தது. கிழங்கு மண்ணுக்குள் நின்றுவிட்டது.

"யோவ், கோவத்துல இழுக்காத" என்று அடுத்த வரிசையிலிருந்து ஒரு அம்மா கத்தினாள். "கெழங்க வுட்டுட்டுப் போனா அந்தப் பொண்ணோட இந்த நாளக் கணக்குல சேக்க மாட்டாங்க. எடு அத."

கடப்பாரையை வாங்கிக்கொண்டு, விட்டுப்போன கிழங்கைச் சுற்றி மண்ணைக் குத்தத் தொடங்கினேன்.